தீர்ப்புச் சொல்பவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

(பட்டிமன்றத் தலைப்பு: உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யாரிடம் இருப்பது மக்களுக்குப் பாதுகாப்பு? ஆட்சியாளர்களிடமா? நீதிபதிகளிடமா? ‘நீதிபதிகளிடமே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

எங்களைத் தோற்கடிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போறதுன்னு கச்சை கட்டிக்கிட்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. கைதட்டலும் வாங்கிட்டார். “நீதிபதியை நீதிபதியே நியமிக்கிற கூத்து உலகத்துல எங்கே இருக்கு? மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பின அரசாங்கத்துக்கு இல்லாத உரிமை, யாருமே ஓட்டுப் போடாத அஞ்சு பேருக்கு எப்படி வந்தது?” அப்படின்னு கேட்டார். கேட்டுட்டு, பதில் சொல்லாம அடுத்த விஷயத்துக்குத் தாவிட்டார். ஏன் தாவினார்? நடுவர் அவர்களே, அந்தப் பதில் 44 வருஷத்து வரலாறு. அதைச் சொன்னா அவர் அணிக்கு ஆகாது. அதனால அவர் விட்ட இடத்திலிருந்து நான் ஆரம்பிக்கிறேன். (கைதட்டல்)

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 124-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். நியமிக்கும்போது தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்க வேண்டும். குடியரசுத் தலைவர்னு எழுதியிருந்தாலும், அவர் அமைச்சரவை சொல்றபடிதான் கையெழுத்துப் போடுவார் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆக, நியமிக்கிறது அரசாங்கம். தலைமை நீதிபதியை ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.

இந்தக் ‘கலந்தாலோசனை’ங்கிற சொல் இருக்கே, ரொம்பப் பொல்லாத சொல்லுங்க! நம்ம வீடுகள்லேயும் கலந்தாலோசனை உண்டு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகையும் அடிச்சு வாங்கிட்டு வந்து, அப்புறம் பொண்ணைக் கூப்பிட்டு அப்பா கேட்பாரு: “ஏம்மா, மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?” (சிரிப்பு) அதுவும் கலந்தாலோசனைதான்!

(நடுவர்: இவராவது பரவாயில்லை. சில வீட்டுல தாலி கட்டினப்புறம்தான் கேட்கிறாங்க! - பலத்த சிரிப்பு)

அய்யா சொன்னது உண்மை. தாலி கட்டினப்புறம் கேட்ட கதையும் நம்ம வரலாற்றில் இருக்கு. வர்றேன்.

1949-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி. அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வருது. தலைமை நீதிபதியைக் கேட்டால் மட்டும் போதாது, அவருடைய சம்மதமும் வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார்கள். அண்ணல் அம்பேத்கர் எழுந்து பதில் சொன்னார். தலைமை நீதிபதி மிகச் சிறந்தவராகவே இருக்கலாம். ஆனாலும் நம்மைப் போல விருப்பு வெறுப்பு உள்ள மனிதர்தானே, அவர் ஒருத்தர் கையில் முழு அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்றார்.

எதிரணியில் பேனாவை எடுத்துட்டாங்க பாருங்க! எழுதிக்குங்க, நானே சொல்றேன். ஆனா அவர் பேச்சின் மறுபாதியையும் சேர்த்து எழுதிக்குங்க. இங்கிலாந்து மாதிரி, எந்தத் தடையும் இல்லாமல் அரசாங்கமே நியமிப்பதும் ஆபத்து என்று அதே மூச்சில் அவர் சொன்னார். அமெரிக்கா மாதிரி மேல்சபையின் ஒப்புதலுக்கு விட்டால் அரசியல் புகுந்துவிடும் என்றும் சொன்னார். நடுவழி ஒன்றைத் தேடினார். அந்த நடுவழிக்குப் பெயர்தான் கலந்தாலோசனை. அதை யாரும் கெடுக்க மாட்டார்கள் என்று நம்பினார்.

முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நம்பிக்கை காப்பாற்றப்பட்டது. 1950 ஜனவரி 28-இல் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. முதல் தலைமை நீதிபதி கனியா 1951 நவம்பரில் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். அடுத்து யார்? மூத்தவர் யாரோ அவர். நம்ம சென்னையிலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி. இருப்பவர்களில் மூத்தவரே தலைமை நீதிபதி என்ற மரபு அப்படி வேர் பிடித்தது. ஒரு வரிச் சட்டம் கூடக் கிடையாது. வெறும் மரபு. நம்ம ஊர்ல கோயில் மரியாதை மாதிரி.

அந்த மரபு எப்போது உடைந்தது? 1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வருகிறது. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை. பாராளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படை அமைப்பை அழிக்க முடியாது என்று 7 பேர் சொன்னார்கள். 6 பேர் ஏற்கவில்லை. ஒரே ஒரு ஓட்டில் அரசாங்கம் தோற்றது. மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெறுகிறார். அதே நாளில் அறிவிப்பு வருகிறது: அடுத்த தலைமை நீதிபதி ஏ.என். ரே.

அவருக்கு முன்னால் மூத்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஷெலட், ஹெக்டே, குரோவர். மூன்று பேரும் அரசாங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவர்கள். ரே, அரசாங்கத்தின் பக்கம் நின்ற ஆறு பேரில் ஒருவர். இதுக்கு மேல விளக்கம் வேணுமா? மூன்று பேரும் ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார்கள்.

பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. விளக்கம் சொன்னது சட்ட அமைச்சர் மட்டும் இல்லை. முக்கியமாக எழுந்து வாதாடியவர் எஃகு, சுரங்கத் துறை அமைச்சர்! (சிரிப்பு) நம்ம தமிழ்நாட்டுக்காரர், மோகன் குமாரமங்கலம். சாதாரண ஆள் இல்லை, பெரிய சட்ட அறிஞர். சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். அவர் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிடுறேன். மூப்பு மட்டுமே தகுதி ஆகாது என்று 1958-லேயே சட்டக் கமிஷன் சொல்லியிருக்கிறது. ஒரு நீதிபதியின் அடிப்படைக் கண்ணோட்டம் என்ன என்பதையும் அரசு பார்க்கத்தான் செய்யும் என்றார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருடைய கண்ணோட்டத்துக்கு ஏற்ற கண்ணோட்டம்? 1975 நவம்பரில் பதில் கிடைத்தது. அதே ரே, கேசவானந்த பாரதி தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய 13 நீதிபதிகளைக் கூட்டினார். வழக்கறிஞர் பல்கிவாலா எழுந்து நின்று, இதைக் கேட்டது யார், மனு எங்கே என்று வாதாடினார். இரண்டே நாள் விசாரணை. மூன்றாவது நாள் அமர்வு கலைக்கப்பட்டது. அன்றைக்கு மட்டும் அது நடந்திருந்தால், பாராளுமன்றப் பெரும்பான்மை வைத்திருக்கிறவர் அரசியல் சட்டத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகியிருக்கும்.

இப்போ நான் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லணும். எங்கள் அணியின் முழு வாதமும் அவர் ஒருத்தர்தான். நீதிபதி எச்.ஆர். கன்னா.

நெருக்கடி நிலை. ‘மிசா’ என்ற இரண்டெழுத்து. காரணம் சொல்லாமல் பிடித்து உள்ளே போடலாம். சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் அடிபட்டார்கள். பின்னால் நீதிபதி மு.மு. இஸ்மாயில் கமிஷன் அதை விசாரித்தது. உள்ளே போனவர்கள் நீதிமன்றக் கதவைத் தட்டினார்கள். “எங்களை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்கவாவது உரிமை உண்டா?” உண்டு என்று 9 உயர் நீதிமன்றங்கள் சொல்லின. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனது.

விசாரணையில் கன்னா, அரசு வழக்கறிஞர் நிரேன் டேயிடம் கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட, நெருக்கடி நிலை இருக்கும்வரை நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? உங்கள் வாதத்தின்படி அப்படித்தானா? ஆமாம், கிடையாது என்று பதில் வந்தது.

1976 ஏப்ரல் 28-இல் தீர்ப்பு. ஐந்து பேர் அமர்வு. நாலு பேர் அரசின் வாதத்தை ஏற்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். இந்தத் தீர்ப்பு எனக்குத் தலைமை நீதிபதி பதவியை இல்லாமல் ஆக்கப்போகிறது என்று முன்னதாகவே தன் சகோதரியிடம் சொன்னதை, அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தெரிந்தே செய்தார், நடுவர் அவர்களே. தெரிந்தே! (கைதட்டல்)

நடந்ததா? நடந்தது. 1977 ஜனவரியில் ரே ஓய்வு பெற்றார். அடுத்து மூத்தவர் கன்னா. அரசாங்கம் தேர்ந்தெடுத்தது அவருக்கு இளையவரான பெக்கை. கன்னாவுக்கு இன்னும் சில மாதம்தானே சர்வீஸ் இருக்கு என்று காரணம் சொன்னார்கள். பின்னாளில் 1991-இல், மூன்று வாரம்கூட முழுசா இல்லாத சர்வீஸுக்கு கே.என். சிங் தலைமை நீதிபதி ஆனார். நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, நாள் கணக்கு ஒரு சாக்கு. கன்னா ராஜினாமா கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

எதிரணி நண்பர்களே, ஒருத்தருக்குப் பதவி போச்சு என்பதோடு இதை விட்டுடாதீங்க. அந்த ஜனவரி மாதம், இந்த நாட்டில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சேதி போச்சு. “அரசாங்கத்துக்குப் பிடிக்காததை எழுதினா என்ன ஆகும் தெரியுமா?” அந்தச் சேதிதான் கொடுமை. அது எந்த ஃபைல்லேயும் இருக்காது. பேனா பிடிக்கிற கையில இருக்கும்.

அடுத்து 1981. அய்யா சொன்ன தாலிக் கதை. நம்ம சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி மு.மு. இஸ்மாயில். இந்த மேடையில் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கம்பனில் தோய்ந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்தவர். 1981 ஜனவரியில் அவரைக் கேரளத்துக்கு மாற்றியது மத்திய அரசு. பாட்னாவிலிருந்து கே.பி.என். சிங்கைச் சென்னைக்கு மாற்றியது. இஸ்மாயில் போகவில்லை. பதவியை விட்டு விலகினார். அந்த இடமாற்றப் பிரச்சினையும் சேர்ந்துதான் நீதிபதிகளின் முதல் வழக்காக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1981 டிசம்பர் 30-இல் தீர்ப்பு. கலந்தாலோசனை என்றால் கலந்தாலோசனைதான், சம்மதம் என்று பொருள் இல்லை. கடைசி முடிவு அரசாங்கத்துடையது என்று பெரும்பான்மை சொன்னது. அப்பா கேட்பாரு, பொண்ணு சொல்லலாம், ஆனா முகூர்த்த நாள் மாறாது! (சிரிப்பு)

இத்தனையும் பட்டதுக்கு அப்புறம்தான் 1993 வந்தது. அக்டோபர் 6. ஒன்பது நீதிபதிகள் அமர்வு. 7 பேர் ஒரு பக்கம், 2 பேர் மறுபக்கம். தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்றார்கள். ஆனால் அம்பேத்கர் பயந்த இடத்தை மறக்கவில்லை. அவர் தனி ஆளாக முடிவு செய்யக்கூடாது, அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளோடு சேர்ந்துதான் செய்யணும் என்றார்கள். 1998-இல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் விளக்கம் கேட்டபோது, அந்த இரண்டை நான்கு ஆக்கினார்கள். இதுதான் கொலீஜியம். எதிரணி நண்பர் கேட்ட அஞ்சு பேர் இவங்கதான். எப்படி வந்தாங்கன்னு கேட்டாரே, 1973-உம் 1977-உம் 1981-உம் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சது. (பலத்த கைதட்டல்)

அப்போ எங்க பக்கம் குறையே இல்லையா? இருக்குங்க. மறைச்சா நான் இந்த மேடைக்கு லாயக்கு இல்லை.

1993 தீர்ப்பில் ஏழு பேரோடு நின்றவர்களில் ஒருவர் நெல்லைச் சீமை தந்த நீதிபதி ரத்தினவேல் பாண்டியன். அவர் தன் தீர்ப்பிலேயே எச்சரித்தார். பிற்பட்டவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் பெண்களும் நீதிபதி நாற்காலிக்கு வரணும் என்றார். கேட்டார்களா? 2010-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு 2019-இல் பி.ஆர். கவாய் வரும்வரை உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதி கூட இல்லை. 9 ஆண்டு! எங்கள் அணி இதுக்குத் தலைகுனியத்தான் வேணும். ஆனா எதிரணி நிமிர்ந்து உட்கார வேண்டாம். அரசாங்கம் நியமித்த காலத்தில் முதல் தலித் நீதிபதி, நம்ம ஊர் வரதராஜன், வர 1980 ஆச்சு. முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி வர 1989 ஆச்சு. இதுல ரெண்டு அணியும் சேர்ந்தே தலைகுனிவோம்.

“சொந்தக்காரன், தெரிஞ்சவன்னு பார்த்துப் போடுறாங்க”ன்னு எதிரணிச் சகோதரி சொன்னாங்க. உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக் காட்டினாங்க. பராந்தக சோழன் காலத்துலேயே, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கு நிற்க முடியாதுன்னு கல்லுல வெட்டி வெச்சாங்கன்னு சொன்னாங்க. அருமையான சான்று. நானும் கும்பிடுறேன். ஆனா சகோதரி, அந்தக் கல்லு இன்னொண்ணும் சொல்லுதே! தகுதி என்ன, தகுதிக்குறைவு என்னன்னு ஊரறிய வெட்டி வெச்சாங்க. நமக்கு வேண்டியது அதுதான்.

கொலீஜியத்தின் உண்மையான நோய் கதவடைப்பு. ஏன் இவரை எடுத்தோம், ஏன் அவரை விட்டோம்னு சொல்றதில்லை. 2016-இல் கொலீஜியத்தில் இருந்த நீதிபதி செலமேஸ்வரே, இப்படி மூடிய அறையில் நடக்கிற கூட்டத்துக்கு வரமாட்டேன் என்றார். 2017 அக்டோபரில் முடிவுகளைக் காரணத்தோடு வெளியிடத் தொடங்கினார்கள். பிறகு அந்தக் காரணங்கள் சுருங்கிப் போச்சு. அதை விரிவாக்குங்கன்னு கேளுங்க, உங்க கூட நானும் வந்து கேட்கிறேன். புழுக்கமா இருந்தா சன்னலைத் திறக்கணும். அதுக்காக வீட்டுச் சாவியைப் பங்காளி கையில கொடுப்பாங்களா?

பங்காளின்னு ஏன் சொல்றேன்? இந்த நாட்டில் அதிகமான வழக்குகளில் கட்சிக்காரர் யாருங்க? அரசாங்கம்! நிலம் எடுத்தாலும் வழக்கு, வரி போட்டாலும் வழக்கு, பென்ஷன் கொடுக்கலைன்னாலும் வழக்கு. ஊர்ல ஒரு வரப்புத் தகராறு. பஞ்சாயத்துப் பேச யாரைக் கூப்பிடணும்னு எதிர் வயல்காரரே முடிவு பண்ணினா ஒத்துக்குவீங்களா? நடுவர் அவர்களே, இன்னிக்கு உங்களை எதிரணித் தலைவர் தேர்ந்தெடுத்திருந்தார்னா, நான் பஸ் பிடிச்சு வந்தே இருக்க மாட்டேன்! (சிரிப்பு)

(நடுவர்: உங்க அணி தேர்ந்தெடுத்திருந்தா நானே வந்திருக்க மாட்டேன்! - பலத்த சிரிப்பு, கைதட்டல்)

2014-இல் ஒரு மாற்று வந்தது. 99-ஆவது திருத்தம். தேசிய நீதிபதிகள் நியமன ஆணையம். தலைமை நீதிபதி, இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரமுகர்கள், ஆக 6 பேர். கட்சி வேறுபாடு இல்லாமல் பாராளுமன்றம் நிறைவேற்றியது, அதை நான் மறுக்கலை. ஆனா அந்தச் சட்டத்தில் ஒரு வரி: 6 பேரில் எந்த 2 பேர் வேண்டாம்னாலும் அந்தப் பெயர் விழுந்துடும். மூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் வேண்டும் என்றாலும், அமைச்சரும் ஒரு பிரமுகரும் சேர்ந்தா முடிஞ்சுது. 2015 அக்டோபர் 16-இல் 4-க்கு 1 என்று அது செல்லாது என்றார்கள்.

“உலகத்துல எங்கே?”ன்னு கேட்டாரே, அமெரிக்காவைப் பார்ப்போம். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா மறைந்தார். ஒபாமா ஒருவரை முன்மொழிந்தார். தேர்தல் ஆண்டு, பொறுங்கள் என்று எதிர்க்கட்சி கையிலிருந்த செனட் விசாரிக்கக்கூட மறுத்தது. 2020 செப்டம்பரில் நீதிபதி கின்ஸ்பர்க் மறைந்தார். அதுவும் தேர்தல் ஆண்டுதான். 40 நாளுக்குள் புது நீதிபதியை அதே கட்சி செனட்டில் நிறைவேற்றிட்டாங்க! அங்கே தகுதியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி காலண்டரைப் பார்க்கிறாங்க. இங்கிலாந்து என்ன செய்தது? அமைச்சர் கையில் இருந்ததை 2005-இல் சட்டம் போட்டுத் தேர்வுக் குழுவுக்கு மாற்றியது. உலகம் அரசாங்கத்தின் கையிலிருந்து எடுக்கப் பார்க்குது. எதிரணி திருப்பிக் கொடுக்கச் சொல்லுது.

“1973 எல்லாம் பழைய கதை, இப்போ யார் அப்படிச் செய்யறாங்க?”ன்னு நீங்க கேட்கலாம். நீதிபதி கே.எம். ஜோசப். உத்தரகண்டில் 2016-இல் குடியரசுத் தலைவர் ஆட்சி செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன அமர்வுக்குத் தலைவர். 2018 ஜனவரியில் அவர் பெயரைக் கொலீஜியம் அனுப்பியது. ஏப்ரலில் அரசு திருப்பி அனுப்பியது. சீனியாரிட்டி, கேரளத்துக்கு ஏற்கெனவே இடம் இருக்கு என்று அரசு காரணம் சொன்னது. கொலீஜியம் மீண்டும் அனுப்பியது. ஆகஸ்டில் பதவியேற்றார், பின்னால் பரிந்துரைக்கப்பட்டவர்களுக்கும் கீழே. ஆனாலும் பதவியேற்றார், நடுவர் அவர்களே! 1977-இல் கன்னாவுக்காகத் திரும்ப ஒருமுறை எழுதி அனுப்ப யாரும் இல்லை. 2018-இல் இருந்தார்கள். ரெண்டு காலத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அது பெரிய வித்தியாசம்.

(மணி ஒலிக்கிறது)

முடிச்சுடறேன் அய்யா, ஒரே நிமிஷம். 1976-இல் கன்னாவுக்கு எதிராகக் கையெழுத்திட்ட நாலு பேரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தத் தீர்ப்பு தவறு, கன்னா சொன்னதே சரி என்று சொன்னார்கள். அதை எழுதியவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட். அவருடைய மகன்! அப்பா எழுதியதை மகன் அழித்தார். ஆனால் கன்னா 2008-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். உண்மை ஜெயிக்க 41 வருஷம் ஆச்சு. மிசாவில் உள்ளே இருந்தவனுக்கு அந்தத் தீர்ப்பு 1976-இல் தேவைப்பட்டது.

நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளையை யாரோ ராத்திரி கூட்டிட்டுப் போனா, நீங்க போய் நிற்கிற கடைசி வாசல் அந்த நீதிமன்றம். அங்கே உட்கார்ந்திருக்கிறவர், “இதை எழுதினா என் பதவி போயிடுமோ”ன்னு நினைக்காத ஆளா இருக்கணும். அதுக்கு, அவரைத் தேர்ந்தெடுத்த கை, பிள்ளையைப் பிடிச்சுட்டுப் போன கையா இருக்கக் கூடாது. தேர்வு நீதிபதிகளிடமே இருக்கட்டும். காரணம் ஊரறிய எழுதப்படட்டும்.

(நீண்ட கைதட்டல்)